ரெண்டு வாய் அடுப்பு

அட அது இல்லீங்க மிஸ், அடுப்ப நான் ஒரு குத்தமும் சொல்லல. வாசல் இஸ்தோப்புல வெறகு கூர தொட அடுக்கியிருக்கிறத பாத்துட்டு, நாங்க குடுத்த அடுப்ப பாவிக்கிறதே இல்லையான்னு கேட்டீங்கல்ல, அதுக்கு தான் சொல்றேன். பாவிக்காம என்னா? விடிய முந்தி பத்த வச்சா பொழுது சாயிற வரைக்கும் எரியிது. அதனால தான் இம்புட்டு வெறகு. பாக்க தான் மல மாதிரி நிக்கிது. ஒரு கெழமைக்கி காணாது.

இல்லீங்க, வெறக மிச்சம் புடிக்கிற அடுப்பு தான், யாரு இல்லேன்னா? நீங்க சொன்ன மாதிரியே பாதி வெறகுல சோறு வேகுது. நீங்க ஒரு சொல்லு பொய் சொல்லல. இப்புடி வந்து பெஞ்சில குந்துங்க, நின்னுகிட்டே பேசுனா அண்ணாந்து பாத்து எனக்கு கழுத்து நோவுது. தேத்தண்ணி ஊத்துறேன். செரமம் ஒண்ணும் இல்ல, பின் வாயில இருந்து கேத்தல் எறங்குறதே இல்ல. எந்நேரமும் சுடுதண்ணி.

பாக்கியமா? எம் மருமவளையா கேக்குறீங்க? இருக்கா. எங்க போயிறப் போறா. சொல்றேன் இருங்க.

நீங்க கல்யாணம் கட்டிக்கிட்டு கொழும்புக்கு போயி ரெண்டு வருசம் இருக்குமா? இருக்கும். ஒங்க எடத்துக்கு ஒருத்தரும் வரல. நாங்க என்னா ஆனோம், ஏது ஆனோம்னு எட்டிப் பாக்க ஆளு இல்ல. இன்னைக்கி நீங்க திரும்ப வேலைக்கி வந்து படியேறி வாறத பாத்ததும் எனக்கு வயித்துல பால் வாத்த மாதிரி இருந்திச்சி. நெசமா தான். ஒங்கள பாக்கணும்னு நானே டவுனு ஆபீசுக்கு ரெண்டு தடவ வந்து திரும்பிப் போனேன். யட்டியாந்தோட்டை பஸ்ஸுல இந்த காலோட ஏறி எறங்குறது லேசா?

மொத இருந்தது மூணு கல்லு தானே. குசினிக்குள்ள போனா கண்ணு அவிஞ்சி போவும். பாக்கியம் காலையில ரப்பர் வெட்டப் போவா, பால எடைக்கி போட்டுட்டு மத்தியானம் வருவா, ஆக்குவா, பொறகு அருவாளத் தூக்கிக்கிட்டு வெறகுக்கு போவா. தூரமெல்லாம் இல்ல, பக்கத்து மல தான். காஞ்ச ரப்பர் கொப்பு அங்கங்க வுழுந்து கெடக்கும். ஒரு கட்டு கொண்டாந்தா ரெண்டு நாளு ஓடும். அப்ப அவ வந்த புதுசு. நிவித்திகல பக்கத்து தோட்டத்துல இருந்து எடுத்த பொண்ணு. தாயி தகப்பன் இல்ல, ஒரு அண்ணன் மட்டும். எம் மவன் அழகமுத்து தேர் திருவிழாவுல பாத்துட்டு, கட்டுனா இவள தான் கட்டுவேன்னு நின்னான். சரி, தொலையட்டும்னு கட்டி வச்சேன்.

லங்கா கிரிக்கட்டுல கப்பு ஜெயிச்ச வருசம் தானே நீங்க அடுப்பு கொண்டாந்தீங்க? கைப்புள்ளைங்கள வுட்டுட்டு போற புள்ளக் காம்பராவுல எல்லாரையும் கூப்புட்டு குந்த வச்சி, முன் வாயில ஒரு சட்டி, அதுல எரியிற தீயே பின் வாய்க்கும் போவும், அங்க இன்னொரு சட்டி, அதுக்கு தனியா வெறகு வேணாம்னு காட்டுனீங்க. பாக்கியம் முன்னுக்கு குந்தி வாயத் தொறந்துகிட்டு கேட்டுகிட்டு இருந்தா. புத்து மண்ணு கொண்டாந்து, சாணி கொழச்சி, அடுப்ப சுத்தி அவளே பூசுனா. கொழந்தப் புள்ளய குளிப்பாட்டுற மாதிரி தடவித் தடவி பூசுனா. நீங்க அன்னைக்கி என்னா சொன்னீங்க? பாதி வெறகு மிச்சம், காடு தப்பிச்சிரும், பொம்பளைங்களுக்கு நேரம் கெடைக்கும்னு சொன்னீங்க. அந்த கடைசி சொல்லு தான் அவ மண்டையில ஏறிக்கிச்சி. நேரம் கெடைக்கும்.

கெடைச்சிச்சி. ஒரு கட்டு வெறகு நாலு நாளு ஓடுனிச்சி. வேலையால வருவா, மளமளன்னு ஆக்கிருவா, அப்பறம் இந்தா, நீங்க இருக்கிற இதே பெஞ்சில வந்து குந்திக்குவா. தலமுடிய விரிச்சி காய வச்சிகிட்டு, சீப்ப கையில வச்சிகிட்டு, கீழ ரோட்டுல போற பஸ்ஸ பாத்துகிட்டு இருப்பா. படல் ஓரமா செவந்தி நட்டா. ஒரு நாள் நான் கோயிலுக்கு போயிட்டு வாரேன், பட்டப்பகல்ல பாய விரிச்சி தூங்கிகிட்டு இருக்கா! தூக்கத்துல சிரிக்கிறா மிஸ்.

நீங்க படிச்சவங்க, ஒங்களுக்கு அது ஒண்ணுமில்லாம இருக்கலாம். எனக்கு ஒரு பொம்பள சும்மா குந்தியிருக்கிறத பாத்தா நெஞ்சுக்குள்ள அரிக்கும். என் மாமியா இருந்தாளே, அவ என்னைய ஒரு நாள் குந்த வுட்டதில்ல. புள்ள பெத்த மூணாம் நாளு மம்முட்டி குடுத்தா. நான் என்னா செத்தா போனேன்?

மொத சொன்னேன், குளிக்க சுடுதண்ணி வைன்னு. எனக்கும் அழகமுத்துக்கும். அதுவரைக்கும் மலையில இருந்து வுழுற பீலியில பச்சத்தண்ணி தான் குளிச்சோம், ஒரு கொறையும் இல்ல. இருந்தாலும் பின் வாய் சும்மா கெடக்குதே. அதுல இருந்து சூடு வீணா தானே போவுது? அதுக்கு ஒரு சட்டி வைக்கணும்ல. சுடுதண்ணி பழகிட்டா பச்சத்தண்ணி ஒடம்புல பட முடியுமா? அப்பறம் எந்நேரமும் தேத்தண்ணி. வாறவன் போறவனுக்கெல்லாம் தேத்தண்ணி. அப்பறம் கோழிக்கி தவிடு கிண்டுனோம். பின் வாய்க்கி வேல குடுக்கணுமேன்னு முன் வாயையும் எரிய வுட்டோம். மொத முன் வாய்க்கி தான் பின் வாய், பொறகு பின் வாய்க்கி தான் முன் வாய்.

அழகமுத்து டவுனுல கபூர் நானாவோட ஓட்டல்ல தானே நிக்கிறான். அங்க இடியாப்பம் அவிச்சி குடுத்த பொம்பள வெளிநாட்டுக்கு வேலைக்கி போயிட்டா. கபூர் நானா ஆளு தேடுறாருன்னு அழகமுத்து வந்து சொன்னான். எனக்கு ஒடனே ஓடிச்சி. மூணு கல்லு இருந்த காலத்துல இந்த பேச்சு வந்திருந்தா நானே வேணாம்டான்னு சொல்லியிருப்பேன், வெறகுக்கு எங்க போறது? இப்ப தான் பாதி வெறகுல வேகுதே! முன் வாயில ஒரு பான, பின் வாயில ஒரு பான, ரெண்டுலயும் தட்டு தட்டா அடுக்கி அவிச்சா ஒரு ஓட்டல் எந்த மூலைக்கி? சரின்னு சொல்லுடான்னேன்.

பாக்கியத்துகிட்ட கேட்டேனான்னா? என்னா மிஸ் இது. அடுப்புகிட்ட கேட்டா அடுப்பு பத்த வைக்கிறோம்?

காலைக்கி மட்டும்னு தான் தொடங்குனோம். இடியாப்பம் நல்லா வந்திச்சி, அவ கை பக்குவம் அப்புடி, அத நான் மறைக்க மாட்டேன். நூலு மாதிரி பிழிவா. கபூர் நானா ராவைக்கும் கேட்டாரு. குடுத்தோம். பொறகு வட. பொறகு கல்யாண வூடு, வயசுக்கு வந்த புள்ளைக்கி சாமத்திய வூடுன்னு ஓடரு. மாவு வறுக்கணும், அதுக்கு தனி எரிப்பு.

நீங்க ஏன் அப்புடி பாக்குறீங்கன்னு தெரியிது. வெறகு மிச்சமாவட்டும்னு குடுத்தா இந்த கெழவி இப்புடி எரிக்கிறாளேன்னு நெனைக்கிறீங்க. ஏன் மிஸ், லேசா கெடச்சா யாரு கொஞ்சமா எடுப்பா? பீலியில சொட்டு சொட்டா தண்ணி வந்தப்ப ஒரு கொடத்துல குளிச்சோம். இப்ப தோட்டத்த எடுத்த கம்பெனிகாரன் பைப்பு போட்டு குடுத்திருக்கான், நாயக் கூட குளிப்பாட்டுறாங்க. நாங்க மட்டுமா? பக்கத்து காம்பரா நாகலிங்கம் பன்னி வளக்குறான். முந்தி பன்னிக்கி எச்சி சோறு தான், இப்ப அதுக்கு கஞ்சி காச்சி ஊத்துறான். மேல் லயத்துல ஒருத்தன் ஒங்க அடுப்புல கசிப்பு காச்சுறான். முன் வாயில ஊறப் போட்ட கோடா கொதிக்கிது, பின் வாயில கருவாடு வேகுது. தீ ஒரே சீரா எரியிறதால நல்ல சுத்தமா எறங்குதாம். ஒங்களுக்கு தான் கும்புடு போடுறான் குடிச்சிட்டு.

அதனால என்னா ஆச்சி, பக்கத்து மலையில ஒரு குச்சி இல்லாம போச்சி. கூட்டி பெருக்குன மாதிரி கெடக்குது. கம்பெனிகாரன் வேற பழைய ரப்பர புடுங்கி லொறி லொறியா வித்துட்டான். பொறகு மேல் மலைக்கி போனாளுக. அதுவும் முடிஞ்சி. இப்ப ஆத்துக்கு அங்கிட்டு அரசாங்க காடு தான். தொங்கு பாலம் தாண்டி, பாறையில ஏறி, அட்டக் கடியில போவணும். பாக்கியம் காலையில அவிச்சி குடுத்துட்டு ரப்பர் வெட்டப் போயி, வந்து, ஒரு கட்டுக்கு போவா. அத போட்டுட்டு இன்னொரு கட்டுக்கு போவா. செவந்தி செடியெல்லாம் வெறகு போட்டுப் போட்டு நசுங்கிப் போச்சி. பெஞ்சில குந்துறது நின்னுச்சி. எனக்கும் நெஞ்சு அரிப்பு நின்னுச்சி, பொய் சொல்ல மாட்டேன்.

குடிங்க மிஸ், ஆறிப் போவுது. சீனி பத்தலையா?

இடையில முழுகாம இருந்தா. அஞ்சாம் மாசம். அப்பயும் போனா தான். நான் போவாதன்னு சொல்லலியே தவிர, போன்னும் சொல்லல. வெறகு இல்லேன்னு மட்டும் தான் சொன்னேன். மழ பேஞ்சி பாறையெல்லாம் வழுக்கும். கட்ட எறக்கி வச்சிட்டு, அத்த, அடிவயிறு இழுக்குதுன்னா. எனக்குத் தெரியாத அடிவயிறா? கொஞ்சம் படுன்னேன். படுத்தா. பாயெல்லாம் ரத்தமா போச்சி. ஆம்புளப் புள்ளன்னு மருத்துவச்சி சொன்னா. அது தங்கல. அன்னைக்கி பாத்து சாமத்திய வூட்டு ஓடரு மிஸ். எல்லாத்தையும் நான் ஒருத்தியா பிழிஞ்சேன். கை ரெண்டும் வீங்கி, ஒரு கெழம சோத்தப் பெசைய முடியல. அத யாரு கேட்டா? லயத்து பொம்பளைங்க பூரா அவளத் தான் வந்து பாத்தாளுக.

அதுக்கு பொறகு தான் அவ அந்த வேலைய செஞ்சா.

ஒரு நாள் மத்தியானம், நான் பைப்படியில இருந்து வாரேன், குசினிக்குள்ள டம்மு டம்முன்னு கேக்குது. மாவு இடிக்கிறாளாக்கும்னு நெனச்சேன். எட்டிப் பாக்குறேன், கோடாரியத் திருப்பிப் புடிச்சிகிட்டு அடுப்ப ஒடைக்கிறா. ஒங்க அடுப்ப தான். முன் வாய் போச்சி, பின் வாய் போச்சி, தூளு தூளா ஆக்கிட்டா. சாம்பல் பறக்குது. அடி பாவி என்னாடி செய்யிறன்னு கத்துனேன். அவ கோடாரிய வச்சிட்டு, நல்ல அமைதியா, அத்த, பழைய மூணு கல்ல வச்சிக்குவோம் அத்த, அதுக்கு ஒரு வாய் தான், ஒரு சட்டி தான் வேகும், நமக்கு அது போதும்ங்கிறா. அந்த மூணு கல்லையும் எங்கயிருந்தோ தேடி கழுவி வச்சிருக்கா மிஸ், சாமி கல்லு மாதிரி! என்னமா பேசுறா பாருங்க. பொகையில கண்ணு போனாலும் பரவாயில்லையாம். போதுமாம். போதும்னு சொல்ல இவ யாரு?

அழகமுத்து வந்தான். வெறகு அடுக்குல இருந்து ஒரு கட்டைய உருவுனான். நான் தடுக்கல. மண்டையில போடாதடான்னு மட்டும் சொன்னேன். மண்டையில பட்டு கிறுக்கு புடிச்சா அப்பறம் எதுக்கு ஆவா? அவன் கை தவறி கன்னத்துல ஒண்ணு பட்டிருச்சி. அவ அழுவல. அது தான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

ஒங்ககிட்ட மழ ஒழுகி அடுப்பு ஊறி ஒடஞ்சிருச்சின்னு சொன்னது அது தான். ஆமாங்க, பொய் தான். அதுக்கென்னா இப்ப? நீங்க பாவம்னு ஒடனே இன்னொண்ணு கொண்டாந்து குடுத்தீங்க. வேற யாருக்கும் ரெண்டாந்தரம் குடுக்கல, இந்த தோட்டத்துலயே இந்த வூட்டுல தான் அடுப்ப நல்லா பாவிக்கிறாங்கன்னு சொல்லி குடுத்தீங்க. எனக்கு பெருமையா இருந்திச்சி. பாக்கியத்த கூப்புட்டு, இந்த அடுப்பு வந்ததால ஒனக்கு வேல கொறஞ்சிருக்கா தங்கச்சின்னு கேட்டீங்க, ஞாபகம் இருக்கா? அவ ஒங்க மொகத்தையே பாத்துகிட்டு நின்னா. வாயத் தொறக்கப் போறான்னு நெனச்சேன். கூச்சப்படுறா மிஸ்னு நான் முந்திகிட்டேன். நீங்களும் சிரிச்சிட்டு படம் புடிச்சீங்க. அடுப்பு பக்கம் திரும்பி நில்லுடின்னு நான் ஏன் சொன்னேன்? கன்னம் வீங்கியிருந்திச்சி. படத்துல அழகா தான் வந்திருந்தா. ஒங்க ஆபீசு செவத்துல மாட்டியிருக்கிறத நான் வந்தப்ப பாத்தேன்.

எழுதலியா மிஸ்? வந்ததும் பேனாவ எடுத்தீங்க, இன்னும் ஒரு எழுத்து எழுதல. வெறகு எம்புட்டுன்னு எழுதிக்குங்க. இருக்கிறத சொல்றேன், எனக்கு ஒளிவு மறைவு இல்ல. மூணு கல்லுல எரிச்சத விட நாலு பங்கு. அஞ்சும் இருக்கும்.

பாக்கியம் எங்கன்னு தானே மறுபடியும் கேக்குறீங்க? சொல்றேன்.

நீங்க கொழும்புக்கு போன அந்த வருசம், ஐப்பசி மழ. கோயில் கல்யாணம் ஒண்ணுக்கு பெரிய ஓடரு. வெறகு நனஞ்சி கெடக்கு, காஞ்சது வேணும். கீழ கெடக்கிறது எல்லாம் ஊறிப் போச்சி, மரத்துல காஞ்சி நிக்கிற கொப்பா பாத்து வெட்டிட்டு வான்னு அனுப்புனேன். அவளுக்கு மரமேற தெரியும், ரப்பர் தோட்டத்து புள்ள தானே. ஏறியிருக்கா. ஒரு கட்டு வெட்டி கீழ போட்டு கட்டியும் வச்சிருக்கா. இன்னொரு கொப்புக்கு ஏறயில காட்டு வாச்சர் மாத்தயா வந்துட்டாரு. பஹிண்ட, பஹிண்டன்னு கீழ நின்னு கத்துனாராம். எறங்குன்னு தான். இவ பயந்து அவசரமா கால வச்சிருக்கா. காஞ்ச கொப்பு தாங்குமா? மடக்குன்னு ஒடஞ்சி, கீழ பாறையில முதுகு அடிக்க வுழுந்துட்டா.

அந்த மனுசர குத்தம் சொல்லக் கூடாது. சாக்குல தூளி கட்டி, அவரும் நாலு பேருமா பாலம் தாண்டி தூக்கியாந்து இந்த இஸ்தோப்புல தான் போட்டாங்க. அனே, அனேன்னு அழுதாரு அந்த ஆளு. நான் கேட்டேன், வெறகு கட்டு எங்கன்னு. நாகலிங்கம் பொண்டாட்டி என்னைய ஒரு பார்வ பாத்தா பாருங்க, தின்னுபுடுற மாதிரி. ஏன், நான் கேட்டதுல என்னா தப்பு? மனுசி வுழுந்துட்டா. வெறகுமா வுழுந்திச்சி? கட்டி வச்ச கட்டு அங்க தானே கெடக்கும்? வுட்டா வேற எவளாவது தூக்கிட்டு போயிருவா. மறுநாளு கல்யாணம். ஆளனுப்பி எடுத்தாந்து தான் அவிச்சோம். நல்லா எரிஞ்சிச்சி. காஞ்ச வெறகுன்னா வெறகு, பொகையே இல்ல.

ஆஸ்பத்திரியில மாசக் கணக்கா கெடந்தா. முதுகெலும்பு நொறுங்கிப் போச்சாம், இடுப்புக்கு கீழ இனிமே உசுரு வராதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவ அண்ணன்காரன் ஒருக்கா வந்தான். பாத்தான், அழுதான், தேத்தண்ணி குடிச்சான், போயிட்டான். அவனுக்கு நாலு புள்ளைங்க, அவன் எங்க தூக்கிட்டு போவான்?

சாவல மிஸ். யாரு செத்தான்னு சொன்னது? உள் காம்பராவுல தான் கெடக்குறா. இந்த செவத்துக்கு அங்கிட்டு. நாம பேசுறதெல்லாம் கேக்கும். பாக்கியம்! அடியே, அடுப்பு மிஸ் வந்திருக்காங்க! பேச மாட்டா. பேசுறத வுட்டுட்டா.

வேணாம், உள்ள போவாதீங்க. வாட தாங்காது, புண்ணு வச்சிருச்சி. இப்ப சல்லட அவகிட்ட இருக்கு, மாவு சலிச்சிகிட்டு இருக்கா. ஆமா, வேல செய்யிறா. கை ரெண்டும் நல்லா தானே இருக்கு? மல்லாக்க படுத்தபடியே சல்லடைய நெஞ்சுக்கு மேல புடிச்சிகிட்டு சலிப்பா. கண்ணு, மூக்கு, தலமுடி பூரா மாவு வுழுந்து வெள்ள வெளேர்னு கெடப்பா. மொத நாளு வெளக்க புடிச்சிகிட்டு பாத்து நானே பயந்துட்டேன். வெங்காயம் உரிப்பா, பூண்டு உரிப்பா. அதுல கண்ணுல தண்ணி வருதா, வேற எதுலயும் வருதான்னு நான் பாக்குறதில்ல. படுத்துகிட்டே திங்கிறதுக்கு அதாச்சும் செய்யணும்ல? நேரம் வேணும் நேரம் வேணும்னு கெடந்தா, இப்ப இருபத்தி நாலு மணி நேரமும் அவளுக்கு தான்.

பிழியிறது நான். வெறகு கூலிக்கி ஒருத்தன் கொண்டாந்து போடுறான், அவனுக்கு குடுத்தே கட்டுப்படியாவல. கபூர் நானா இரத்தினபுரி ரோட்டுல இன்னொரு கட தொறக்கிறாரு. அதுக்கும் நாம தான் குடுக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு. ரெண்டு வாய் எந்த மூலைக்கி காணும்? அதுக்கு தான் மிஸ் நான் ஒங்கள தேடி ஆபீசுக்கு வந்தது. இன்னொரு அடுப்பு வேணும்.

தெரியும் தெரியும், ஒரு குடும்பத்துக்கு ஒரு அடுப்பு தான்னு ஒங்க சட்டம். அதுக்கு வழி பண்ணிட்டேன். அழகமுத்துக்கு வேற பொண்ணு பாத்தாச்சி. வாற புதன்கெழம கோயில்ல வச்சி சின்னதா தாலி கட்டிருவோம். இவளுக்கு சொல்லிட்டேன், சலிச்சிகிட்டு தான் இருந்தா. பொண்ணு வந்துட்டா அது புதுக் குடும்பம் தானே? அப்ப புதுக் குடும்பத்துக்கு ஒரு அடுப்பு எழுதலாம்ல? ரெண்டு அடுப்பு, நாலு வாய். நீங்க மனசு வச்சா நடக்கும். ஒங்களுக்கும் ஒரு அடுப்பு கூட போட்ட கணக்கு, நல்ல பேரு.

என்னா மிஸ், எந்திரிச்சிட்டீங்க? தேத்தண்ணி அப்புடியே இருக்கு. எழுதிட்டாச்சும் போங்க.

பேரா? புதுப் பொண்ணு பேரா கேக்குறீங்க? இருங்க, என்னமோ சொன்னாங்களே. மலையேறுவாளான்னு கேட்டேன், ஏறுவான்னாங்க. ஒரு நடையில ரெண்டு கட்டு தூக்குவாளான்னு கேட்டேன், தூக்குவான்னாங்க. பேரு கேக்கத் தோணல மிஸ். அதனால என்னா, பாக்கியம்னே எழுதிக்குங்களேன்.